மெஷினைப் பார்த்தது யார்

பிப்ரவரி 19, வியாழன்

இந்த நோட்டின் முன்பக்கம் வீட்டு இருப்புக்கு: அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் மாற்றிய தேதி. பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். செல்போனில் நான் சேர்ந்திருக்கும் வகுப்பின் டீச்சர் இளவேனில் எழுதச் சொன்னார். மனதில் ஓடுவதைத் தனியாக எழுதி வையுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். முருகா, நீ பார்ப்பாய். பார்த்துக்கொள்.

இன்று என் அட்டவணையைப் பலகையில் போட்டுவிட்டேன்.

பலகை என்பது செல்போனில் ஒரு வெள்ளைப் பக்கம்தான். குழுவில் இருப்பவர்கள் அவரவர் ஊரில் இருந்துகொண்டே அதில் எழுதலாம். ஒருவர் எழுதுவது அடுத்தவர் போனில் அந்த நிமிடமே தெரியும். எங்கள் குழுவில் மூன்று பேர். உடுமலைப்பேட்டையில் நான். மேலப்பாளையத்தில் ஆபிதா, முப்பது வயதுப் பெண். அரியலூர்ப் பக்கம் ஞானமுத்து என்பவர், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கு ஒன்று, தான் நம்புகிற ஏதாவது ஒன்றை எழுதி, ஏன் நம்புகிறோம் என்பதற்குக் கையில் இருக்கிற ஆதாரத்தையும் கீழே வைக்க வேண்டும். மற்றவர்கள் அதன் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டலாம். சீட்டில் "அருமை அக்கா" என்றும் எழுதக் கூடாது, "தப்பு" என்றும் எழுதக் கூடாது. கேள்வி மட்டும்.

நான் எழுதியது: நாவல்கொட்டைப் பொடிக் கஷாயம் சர்க்கரையைக் குறைக்கிறது.

எட்டாவதோடு நின்றவள் நான். மளிகைப் பொட்டலத்துத் தாளைக்கூட விடாமல் படித்துப் படித்து வளர்ந்தவள். ஆனால் ஆதாரம் என்று கேட்டால் என்னிடம் இருப்பதுபோல் யாரிடமும் இருக்காது. தை மூன்றாம் தேதியிலிருந்து, அதாவது ஜனவரி 17-லிருந்து, என் வீட்டுக்காரருடைய காலைச் சர்க்கரை அளவு ஒரு நாள் விடாமல் இருக்கிறது. முதல் பதினைந்து நாளும் இருநூறுக்கு மேல். பஜனைக்கு வருகிற கிரிஜாக்கா கொடுத்த பொடியை ஜனவரி 30-ல் ஆரம்பித்தேன். பிப்ரவரி 1-ல் 158. அடுத்த நாள் 139. அதன் பிறகு இன்றுவரை ஒரு நாள்கூட 135-ஐத் தாண்டவில்லை.

இவர் கொப்பரைக் களத்தில் தராசுக்காரர். இருபத்திரண்டு வருடமாக முள்ளைப் பார்த்து எடையைச் சத்தமாகச் சொல்வார், ரைட்டர் எழுதுவார். வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆறு மணிக்கு நான் சாமி அறையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் கற்பூரம் காட்டும்வரை எழுந்திருப்பதில்லை. இவர் வெளியே கட்டிலில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு எண்ணைக் கூவுவார். முடித்துவிட்டு வந்து நான் எழுதிவிடுவேன்.

இன்று 128. முருகன் கண் திறந்துவிட்டான்.

பிப்ரவரி 20, வெள்ளி

126.

இரண்டு மஞ்சள் சீட்டு வந்திருக்கிறது. ஆபிதா கேட்டது: "பொடி ஆரம்பித்த அதே சமயத்தில் வீட்டில் வேறு ஏதாவது மாறியதா?" ஒன்றும் மாறவில்லை என்று எழுதினேன்.

டீச்சர் கேட்டது வேறு. ஒவ்வொருவர் எழுதியதற்கும் கடைசியில் ஒரு வரி உண்டு: எது தெரிந்தால் இதைக் கைவிடுவேன்? நான் அதில் "முருகன் கைவிட்டால்" என்று எழுதியிருந்தேன். "அதை நாம் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?" என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். சின்னப் பெண். இதற்கெல்லாம் என்ன பதில் எழுதுவது.

பிப்ரவரி 22, ஞாயிறு

131. இரவு கோதுமை ரவை உப்புமா.

இரவுச் சாப்பாட்டை எழுதியதால் வேண்டுதலையும் எழுதிவிடுகிறேன். தை மூன்றாம் தேதி முருகனிடம் சொன்னது இது: காலையில் சர்க்கரை நூற்று நாற்பதுக்குள் வந்தால் அன்று இரவு சாப்பிடுவேன், மேலே போனால் இரவுப் பட்டினி. முதல் பதினாறு நாளும் பட்டினிதான். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஜனவரி கடைசியில் குழாயடியில் தலை சுற்றி விழுந்தேன், முழங்கையில் அடி, அவ்வளவுதான். இவர்தான் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பொழுது முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆபிதா போன் செய்தாள். நல்ல பெண், அக்கா அக்கா என்று மனதோடு பேசுகிறாள். அவள் உம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், ஐந்து வருடமாகத் தினம் இரண்டு வேளை ஊசி. நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. ஊசி போடுகிறவர் நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார், பள்ளிவாசலிலும் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா கேட்க மாட்டேன் என்கிறாராம். அந்த அம்மாவும் நாவல்கொட்டைப் பொடி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"பொடின்னா ஆயிரம் பேரு சொல்லுதாங்க அக்கா. உங்கள மாதிரி நாள் நாளா யாரு எழுதி வச்சிருக்கா? உங்க அட்டவணைய அண்ணங்கிட்டயும் காட்டிட்டேன்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

ஒரு தண்ணீர்க் கேன் ஐந்து நாளுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்றரை நாள்தான் வருகிறது. வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 25, புதன்

124.

ஞானமுத்து ஒரே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். "மெஷினைப் பார்த்தது யார்?"

மூன்று தடவை படித்தேன். பார்த்தது என் வீட்டுக்காரர் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு: "நீங்கள் ஒரு நாளாவது பார்த்ததுண்டா?"

இந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? இருபத்திரண்டு வருடம், ஒரு கிலோ குறைந்தது கூடியது என்று ஒரு தோப்புக்காரர் வந்து நின்றதில்லை. முதலாளி சந்தேகப்படாத வாயை, ஊர் பேர் தெரியாத ஒருவர் போனில் சந்தேகப்படுகிறார். பதில் எழுதவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சாயந்திரம் இவர் தானாகவே, "என்ன அம்மிணி, உங்க பள்ளிக்கோடத்துல இன்னைக்கி யாரு முட்டி போட்டாங்க?" என்று கேலி செய்தார். யாருமில்லை என்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

127. கோபம் இன்னும் போகவில்லை. பூஜையில் மனம் நிற்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

132. மாத இருப்பு எடுத்தேன்.

அரிசி பதினோரு கிலோ. துவரம்பருப்பு முக்கால். நல்லெண்ணெய் அரை லிட்டர். சிலிண்டர் ஜனவரி 27-ல் போட்டது, தாங்கும். கற்பூரம் ஒரு டப்பா. சர்க்கரை மெஷினுக்கு ஸ்ட்ரிப் 29.

ஸ்ட்ரிப் ஒரு நாளைக்கு ஒன்று. பிப்ரவரி ஒன்றாம் தேதி 35 என்று எழுதியிருக்கிறேன். அன்று நான் தப்பாக எண்ணியிருக்கலாம். அன்றைக்கு முழங்கையில் கட்டு இருந்தது, எண்ணும்போது கை வலித்தது.

மார்ச் 3, செவ்வாய்

126. இரவு சோளத் தோசை.

ஞானமுத்து என் பக்கத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. தன் பக்கத்தில் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது, "ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு எல்லாம் சரியான கணக்கு என்று முன்பு நம்பினேன்" என்பது. அவர் போய்க்கொண்டிருந்த தெருவில் ஒரு வீட்டில் கறுப்பு நாய். இரண்டு தடவை காலைக் கவ்வியதாம். அதன் பிறகு ஆறு மாதம் அந்த வீட்டுக்குள் போகாமல், தெருவில் நின்றே குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டு வந்திருக்கிறார். கடைசியில் போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் நான்கு மாதமாக ஊரிலேயே இல்லை. மீட்டர் ஓடவே இல்லை.

"என் புத்தகத்தைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். மற்ற வீடுகளின் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. ஒருவர் வீட்டில் கல்யாணம், ஒருவர் வீட்டில் மோட்டார் பழுது. நான் கற்பனையில் எழுதிய அந்த ஒரு வீட்டு எண்கள்தான் புத்தகத்திலேயே அழகாக இருந்தன."

சிரிப்பு வந்தது, நாயை நினைத்து. பிறகு என் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக 124-க்குக் கீழே ஒரு நாள் இல்லை, 134-க்கு மேலே ஒரு நாள் இல்லை. மாசி அமாவாசைக்கு வடை பாயசம் சாப்பிட்டார். மறுநாள் 129.

இதில் என்ன இருக்கிறது. சீராக இருந்தால் நல்லதுதானே.

மார்ச் 5, வியாழன்

125.

ஆபிதா பேசினாள். குரல் சரியில்லை. கடைசிப் பத்து நோன்பு பதினொன்றாம் தேதி தொடங்குகிறது, அதையாவது வைத்தே தீருவேன் என்று உம்மா பிடிவாதமாம். பத்தாம் தேதியோடு ஊசியை நிறுத்தப் போகிறார்கள். இவளுக்குப் பயம். ஆனால் அண்ணன் என் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து உம்மாவிடம் கொடுத்துவிட்டார். உம்மா அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாராம்.

"நீங்க சொல்லுங்க அக்கா. நிறுத்தலாமா? நீங்க சொன்னா எனக்குத் தைரியம்" என்றாள்.

டாக்டரைக் கேட்டுக்கொள் என்றேன். இவர் ஊசி போடுகிறவர் இல்லை, மாத்திரைதான் என்றும் சொன்னேன். அது தெரியும் அக்கா, ஆனா எண்ணு இறங்கினது நெசந்தானே என்றாள். நிஜம்தான் என்றேன். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இவர் கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண். இருபது நாளாகிறது, மஞ்சள் பற்றுப் போட்டும் வாய் மூடவில்லை.

மார்ச் 7, சனி

129 என்றார்.

இவர் களத்துக்குப் போன பிறகு ஸ்ட்ரிப் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். 29. மறுபடி எண்ணினேன். வெற்றிலைத் தட்டில் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து எண்ணினேன். 29.

ஒன்றாம் தேதியும் 29. இடையில் ஆறு நாள்.

புது டப்பா வாங்கி இதில் கலந்திருப்பார். அப்படித்தான் இருக்கும். குப்பைக் கூடையில் பழைய ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்கும்போது என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இல்லை.

ஆபிதாவுக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன். என்ன சொல்வது? நாளை பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

முருகா, மன்னித்துக்கொள். கற்பூரம் ஏற்றாமல் எழுந்துவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இது முதல் தடவை.

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெஷின் அதன் உறைக்குள், ஜிப் போட்டபடி, ஜன்னல் திட்டில். கையில் ஒன்றுமில்லை. நான் நிற்பதைப் பார்க்காமல், களத்தில் சொல்கிற அதே குரலில், "நூத்தி இருவத்தேழு" என்றார்.

பிறகுதான் திரும்பினார்.

நோட்டை அவர் பக்கத்தில் வைத்தேன். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளாங் மாமா?" என்றேன்.

கட்டைவிரல் புண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "நீ கொழாயடில உழுந்தியே. அதுக்கு மக்காநாள்ல இருந்து."

நடுவில் ஆறு நாள் குத்திப் பார்த்தாராம், இறங்கியிருக்குமோ என்று. இருநூற்று எழுபதுக்குக் கீழே ஒரு நாளும் வரவில்லை. அதன் பிறகு பார்க்கவே பயம். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தது வேறு.

"ஊசிக்குப் பயந்துட்டா பொய் சொன்னீங்?" என்று கேட்டேன்.

"அதுவுந்தான். இல்லீன்னு சொல்லல. ஆனா புள்ள, ஒரு நெம்பரச் சொன்னா நீ சோறு திங்கற. இன்னொரு நெம்பரச் சொன்னா பட்டினி கெடக்கற. மனுசன் எதச் சொல்லுவான்?"

"களத்துல இப்படிச் சொல்லுவீங்களா?"

"களத்துல தோப்புக்காரன் பக்கத்துலயே நின்னு முள்ளப் பாத்துட்டு இருப்பான். இங்க யாரு நின்னா?"

விரலை நீட்டச் சொன்னேன். நீட்டினார். நானே குத்தினேன். 284.

இரவு சாப்பிடவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான். இவரும் தட்டைத் தள்ளிவிட்டார்.

அட்டவணையைப் பலகையிலிருந்து அழித்துவிட்டேன். ஏன் என்று எழுதவில்லை. என் புருஷன் பொய் சொன்னார் என்று ஊர் உலகத்துக்கு எப்படி எழுதுவது? அட்டவணை இல்லை என்றால் ஆபிதாவுக்கே புரிந்துவிடும். அவள் புத்திசாலி.

மார்ச் 9, திங்கள்

278.

பலகையில் "துளசிமணி இதை நீக்கினார்" என்று என் பெயரோடு, நேரத்தோடு ஒரு வரி நிற்கிறது. அழித்தால் அழித்தது தெரியும்படித்தான் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஞானமுத்து ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். "ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கலாமா?"

ஆபிதா பலகைப் பக்கமே வரவில்லை. நோன்பு வேலை இருக்கும்.

நாள் முழுக்க வேலையாகச் செய்தேன். பரணைத் துடைத்தேன். மிளகாய் காயப் போட்டேன். பூஜைப் பாத்திரமெல்லாம் புளி போட்டு விளக்கினேன். போனைச் சமையலறைக்குக் கொண்டுபோகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

271. இந்த எண்ணை நான் பார்த்தேன்.

பூஜையில் உட்கார்ந்தால் அந்த அம்மாவின் தலையணைதான் கண்ணில் வந்தது. அதன் கீழே என் கையெழுத்து இல்லை, ஆனால் என் எண்கள். நான் பலகையில் அழித்தது தலையணைக்குக் கீழே எப்படி அழியும்? இந்த ஒரு கேள்வியை ஞாயிற்றுக்கிழமையே என்னை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுவிட்டு மிளகாய் காயப் போட்டேன்.

ஏழு மணியிலிருந்து ஆபிதாவுக்குப் போன் செய்கிறேன். எடுக்கவில்லை. எட்டு, எட்டரை, ஒன்பது. ஸ்விட்ச் ஆஃப்.

களத்துக்குக் கிளம்பினவரை நிற்கச் சொன்னேன். பலகையில் எழுதப் போகிறேன், உங்கள் பேர் வரும் என்றேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எம்பேரப் போட்டே எழுது. தராசுக்காரன் நாச்சிமுத்துன்னு போடு. அந்தம்மா ஊசிய உட்றக் கூடாது" என்றார்.

எழுதினேன். கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக, முக்கால் மணி நேரம். அட்டவணையைத் திரும்பப் போட்டு, பிப்ரவரி 1-லிருந்து எல்லாவற்றையும் குறுக்கே கோடிட்டு அடித்தேன். கீழே எழுதியது:

"இந்த எண்கள் மெஷினில் வந்தவை அல்ல. என் கணவர் நாச்சிமுத்து வாயால் சொன்னவை. நான் மெஷினைப் பார்க்கவில்லை. வேறு ஏதாவது மாறியதா என்று ஆபிதா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். அது சரியல்ல. எண் ஏறினால் பட்டினி கிடப்பது என்று வேண்டியிருந்தேன், பட்டினியால் தலை சுற்றி விழுந்தேன். அதற்கு மறுநாளிலிருந்து எண் இறங்கியது. கஷாயத்தால் இறங்கவில்லை, என்னால் இறங்கியது. இப்போது 271. ஆபிதா, உம்மாவின் ஊசியை நிறுத்தாதே. தலையணைக்குக் கீழே இருக்கும் தாளைக் கிழித்துப் போடச் சொல்."

எது தெரிந்தால் இதைக் கைவிடுவேன் என்ற வரியில் முருகனை எடுத்துவிட்டேன். "என் கண்ணால் பார்க்காத எண் ஒன்று இருந்தாலும் கைவிடுவேன்" என்று போட்டேன்.

போட்ட இரண்டாவது நிமிடம் ஞானமுத்து போன் செய்தார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்கிறேன், இருமல் கலந்த குரல். வகுப்பு டீச்சரிடம் ஆபிதாவின் அண்ணனுடைய போன் நம்பர் இருக்கும், வாங்கிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் விடாமல் அடியுங்கள் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு அண்ணன் கிடைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "உம்மா பத்தாந்தேதி வரைக்கும் பொறுக்கலம்மா. ஞாயித்துக்கிழமையே ஊசிய நிறுத்திட்டா. காலைலருந்து வாந்தி. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுட்டுப் போறோம்."

போன் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நான் அட்டவணையை அழித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்த ஞாயிற்றுக்கிழமை.

மார்ச் 11, புதன்

செய்தி இல்லை. 266. இவர் களத்துக்குப் போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சேர்த்தபோது சர்க்கரை 490. உடம்பில் தண்ணீரே இல்லையாம். இரண்டு நாளாக மருந்து ஏறுகிறது. இன்று கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டிருக்கிறார்.

ஆபிதாவே பேசினாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, உங்களுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"ரெண்டு நாளு சும்மா இருந்தீங்களா?"

"ஆமாம் கண்ணு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "வைக்கேன் அக்கா" என்று வைத்துவிட்டாள்.

சாமி அறையில் போய் நின்றேன். வேல் மாறல் பாராயணம் இல்லை, கற்பூரம் இல்லை, சும்மா நின்றேன். முருகா, உன்னிடம் வேண்டிக்கொண்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பட்டினியை வைத்தது உன் முன்னால், பாரம் ஏறியது அவர் தலையில். காலையில் கண் விழித்ததும் அந்த மனிதர் எண்ணையா பார்த்திருப்பார்? என் முகத்தைத்தான் பார்த்திருப்பார்.

வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். உனக்குக் கோபமென்றால் என்மேல் காட்டு.

மார்ச் 14, சனி

டாக்டரிடம் போனோம். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ரத்தத்திலேயே இருக்குமாம், அதற்கு யாரும் கூவவும் வேண்டாம் எழுதவும் வேண்டாம். அதில் வந்த எண்ணைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கால் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். இரவு வேளைக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். போடுவது எப்படி என்று நர்ஸ் காட்டியபோது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது, "கஷாயத்த என்ன பண்ணப் போற?" என்றார். ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டேன் என்றேன். "செடிக்குச் சுகர் எறங்கிருச்சான்னு எழுதி வெய்யி" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 17, செவ்வாய்

இப்போது மெஷின் சாமி அறைக்கே வந்துவிட்டது. கற்பூரம் காட்டி முடித்ததும் இவர் வந்து என் எதிரில் உட்கார்கிறார், விரலை நீட்டுகிறார். எண் வரும்வரை இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறோம். இவர் பழக்க தோஷத்தில் இன்றும் சத்தமாகத்தான் சொன்னார், "எரநூத்தி நாப்பத்தொம்பது" என்று. நான் நோட்டை எடுக்கவில்லை. "என்ன, எழுதலியா?" என்றார். மெஷினை என் பக்கம் திருப்பி, பார்த்துவிட்டு எழுதினேன்.

பலகையில் புது அட்டவணை போட்டிருக்கிறேன். ஒரு கட்டம் கூடுதல்: பார்த்தவர். தலைப்பில் ஒன்றும் எழுதவில்லை, இன்னும் எனக்கு எதையும் நம்பத் தோன்றவில்லை. எண்கள் மட்டும் இருக்கின்றன, 266, 259, 263, 249 என்று, அழகில்லாமல்.

மத்தியானம் பார்த்தபோது ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஐந்து நாளாகப் பேசாத ஆபிதா. அக்கா என்றும் இல்லை, வேறு ஒரு சொல்லும் இல்லை. கேள்வி மட்டும்.

"நீங்கள் இரவு சாப்பிடுகிறீர்களா?"

இதற்குப் பதில் எழுத முதலில் சாப்பிட வேண்டும். வேண்டுதலை எடுத்துவிட்டேனே தவிர, ஐந்து நாளாக இரவில் வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

ஏழு மணிக்கு இவருக்கு ஊசி போட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போட்டாச்சா, போட்டாச்சா" என்றார். பிறகு என் தட்டை எடுத்து வந்து தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஸ்ட்ரிப் இருப்பு 19. எட்டாம் தேதி ஞாயிறு முதல் இன்றுவரை ஒரு நாளுக்கு ஒன்று, கணக்கு சரி.

இன்று 249. இரண்டு இட்லி சாப்பிட்டேன். பார்த்தவர்: நாச்சிமுத்து.